பகலில் போய்ப் பார்க்க வேண்டிய வீடு

தம்பி,

நாங்கள் நலம், உன் நலமறிய ஆவல் என்று எழுதத் தொடங்கினேன். பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த உன் அம்மா, “அவன் நல்லா இருக்கான்னு அவனே எழுதிட்டானே, மறுபடி எதுக்கு அதையே கேட்டுக்கிட்டு? வீட்டு விசயத்துக்கு வாங்க” என்று சொல்லிவிட்டாள். ஆகவே நேரே வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். வத்தளைப் பக்கம் ஒரு வீடு பார்த்திருப்பதாகவும், கல்யாணத்துக்கு முன்பே அதை வாங்கிவிட நினைப்பதாகவும், கந்தோர் வேலை முடிந்த பிறகு இரண்டொரு தடவை போய்ப் பார்த்து வந்ததாகவும் எழுதியிருந்தாய். சுற்றிலும் புதிது புதிதாக வீடுகள் எழும்புகின்றனவாம். காலையில் நகரத்துப் புறக்கோட்டைக்குப் போகிற பஸ்ஸில் நிற்கக்கூட இடம் கிடைப்பதில்லையாம். இப்போது விட்டால் பிறகு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முடியாதாம். எல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில், ‘அப்பா ஒரு தடவை வந்து பார்த்து, வாங்கலாம் என்று சொன்னால் எனக்கு அது போதும்’ என்று முடித்திருந்தாய். அந்த வரியைப் படித்ததும் நான் தையல் மெஷினை நிறுத்திவிட்டேன். என்னைப் போய் வீடு பார்த்துச் சொல்லச் சொல்கிறாயே! வீட்டு விஷயத்தில் உன் அப்பன் எப்பேர்ப்பட்ட மேதை என்று உனக்குத் தெரியாது. நீ சிரிப்பாய் என்று நாங்கள்தான் இத்தனை காலமும் சொல்லாமல் இருந்தோம்.

போன லீவில் வந்திருந்தபோது நம் வீட்டுக் கிழக்குச் சுவர் ஜன்னலைத் தடவிப் பார்த்து, ‘இதை மட்டும் ஏன் ஒட்டுப் போட்ட மாதிரி வைத்திருக்கிறீர்கள்? சுவர் ஒரு நிறம், ஜன்னலைச் சுற்றி வேறு நிறம்’ என்று கேட்டாயே, நினைவிருக்கிறதா? அம்மா வாயைப் பொத்திக்கொண்டு, அடுப்பைப் பார்க்கிற சாக்கில் குசினிக்குள் ஓடிவிட்டாள். நான் மழை, ஈரம் என்று ஏதோ சொல்லி மழுப்பினேன். மழையும் இல்லை, ஈரமும் இல்லை. இப்போது நீயே வீடு வாங்கப் போகிற பெரிய மனிதனாகிவிட்டாய்; சொல்லிவிடுவதுதான் நல்லது. இந்த வீட்டை நாங்கள் வாங்கிக் கட்டிய கதை முழுவதையும் எழுதுகிறேன். படித்துவிட்டு, என் யோசனை உனக்கு வேண்டுமா வேண்டாமா என்று நீயே முடிவு செய்துகொள்.

நீ கண்டியில் மாமா வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்த காலம் அது. நாங்கள் இரண்டு பேரும் தேயிலைத் தோட்டத்து லயத்தில் இருந்தோம். ஒரே நீளக் கூரை, அதன் கீழே வரிசையாக ஒற்றை அறைக் காம்பராக்கள், முன்னால் எல்லாருக்கும் பொதுவாக ஓடுகிற இஸ்தோப்பு என்கிற தாழ்வாரம். இந்தப் பக்கத்துச் சுவருக்கு அப்பால் ஒரு குடும்பம், அந்தப் பக்கத்துச் சுவருக்கு அப்பால் இன்னொரு குடும்பம். அடுத்த வீட்டில் இருமினால் நம் வீட்டில் தூக்கம் கலையும். நான் தோட்டத்தில் பிறந்தவனே தவிர, தோட்டத்து வேலையாள் இல்லை. சின்ன வயதிலேயே பதுளைக் கடைவீதிக்குத் தையல் பழகப் போனவன் அங்கேயே நிலைத்துவிட்டேன். காலையில் ஹாலிஎல ஸ்டேஷனுக்கு இறங்கி ரயில் ஏறுவேன். பொழுது சாய்ந்த பிறகு திரும்பவும் மலை ஏறுவேன். தோட்டத்தில் பேர் பதிந்திருந்தது உன் அம்மாவுக்கு. அவள் கொழுந்து பறித்ததால்தான் அந்தக் காம்பரா நமக்கு இருந்தது. அவள் வேலையை விட்டால் அன்றைக்கே காம்பராவையும் விட வேண்டும். பதுளையில் நான் எத்தனை பெரிய மனிதர்களுக்குக் கோட்டுத் தைத்துக் கொடுத்தாலும், நாம் தலைசாய்த்த இடம் அவள் உழைப்பில் கிடைத்த இடம்தான்.

அவளுக்கு முழங்கால் வீங்கத் தொடங்கியது அந்த நாட்களில்தான். விடிவதற்கு முன்னால் பெரட்டுக்குக் கொம்பு ஊதுவார்கள். எல்லா ஆட்களும் கூடி நின்று அன்றைய வேலையைக் கேட்டுக்கொள்கிற பெரட்டுக் களத்துக்கு நேரத்தோடு போயாக வேண்டும். கொம்புச் சத்தம் கேட்டதும் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு எழும்புவாள். காய்ச்சல் என்றாலும் எழும்புவாள். ‘இன்னைக்கு ஒரு நாள் படுத்துக்க புள்ள’ என்று சொன்னால், “நான் படுத்துட்டா கூரையும் சேந்து படுத்துரும்” என்று சிரித்துக்கொண்டே கூடையை எடுத்து மாட்டுவாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பொறுக்கவில்லை. சொந்தக்காரர்கள், ‘பேசாம ஊருக்கே போயிருங்க’ என்றார்கள். ஊர் என்றால் திருச்சிப் பக்கம் எங்கள் தாத்தா விட்டுவந்த ஏதோ ஒரு கிராமம். அம்மா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள்: “எந்த ஊருக்கு? நான் கண்ணால பாத்த ஊரு இதுதான்.” எங்கள் பிரஜாவுரிமை மனு அப்போது எந்தக் கந்தோரில் எந்த மேசையில் கிடந்தது என்று யாருக்கும் தெரியாது. இந்த நாடு எங்களை ஏற்கிறதா இல்லையா என்று தெரியாத நிலையில், இதே நாட்டில் ஒரு துண்டு நிலம் வாங்க வேண்டும் என்று நினைக்க எனக்கு எங்கிருந்துதான் துணிச்சல் வந்ததோ!

துணிச்சல் வந்தது ரயிலில்தான் என்று சொல்ல வேண்டும். முன்பெல்லாம் பதுளைக்குப் போகிற காலை ரயிலில் காலை நீட்டி உட்காரலாம். பிறகு பார்த்தால் நாளுக்கு நாள் கூட்டம். அரசாங்கக் கச்சேரிக் கிளாக்கர்மார், ஆஸ்பத்திரி ஊழியர்கள், வாத்தியார்மார், கடைச் சிப்பந்திகள்; சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள். டவுனுக்குள் வீடு கிடைக்காதவர்கள் எல்லாம் ஹாலிஎலப் பக்கம் குடிவந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் ஒரு யாழ்ப்பாணத்துக்காரர், கச்சேரியில் கிளாக்கர், நான் தைத்த கால்சட்டை போடுகிறவர். ஒருநாள் என் பக்கத்தில் நின்றபடி, “உமக்குத் தெரியுமே, ஸ்டேசனுக்குக் கிட்ட ஒரு மனுசி காணியைத் துண்டு துண்டாய் விக்குது. நான் ஒண்டு எடுத்திட்டன். பக்கத்துத் துண்டு இன்னும் கிடக்கு. நீர் ஏன் காணும் யோசிக்கிறீர்?” என்றார். “எங்க ஆளுகளுக்குக் குடுப்பாங்களா ஐயா?” என்று கேட்டேன். “காசைக் குடுத்தால் ஏன் குடாமல் விடுகினம்?” என்றார். எனக்கு அன்றைக்குத் துணி வெட்டக் கை ஓடவில்லை. காசு எப்படிச் சேர்ந்தது என்ற கதையை இங்கே எழுதப்போவதில்லை. அதை அம்மாவிடம் கேள், என்னைவிட நன்றாகத் திட்டிச் சொல்லுவாள்.

காணிக்காரியின் பெயர் புஞ்சி மெனிக்கே. வயதான அம்மா, தனியாக நின்று காணியை விற்றுக்கொண்டிருந்தாள். எங்களைச் சுற்றிக் கூட்டிக்கொண்டு போய் எல்லையைக் காட்டினாள். நடுவில் ஒரு பலாமரம் நின்றது. அதன் அடியில் கையை வைத்து, “இது மட்டும் வெட்ட வேணாம். எங்க அம்மா வச்சது. காய் எல்லாம் நீங்க சாப்பிடுங்க” என்றாள் தனக்குத் தெரிந்த தமிழில். உன் அம்மா மரத்தை அண்ணாந்து பார்த்தாள். பிறகு என் பக்கம் குனிந்து, “ஏங்க, மரமும் நமக்கா?” என்று கேட்டாள். தோட்டத்தில் ஒரு முருங்கைக் கொப்பு நட்டாலும் துரை மனசு வைத்தால்தான் அது நிற்கும். அப்படி வாழ்ந்தவளுக்கு ஒரு முழுப் பலாமரம், வேரும் கிளையும் காயுமாகத் தனக்கென்று நிற்பது நம்பக்கூடிய விஷயமாகத் தெரியவில்லை. புஞ்சி மெனிக்கேயின் கையைப் பிடித்துக்கொண்டு, “வெட்ட மாட்டோங்கம்மா, புள்ள மாதிரி பாத்துக்கிறோம்” என்றாள். சொன்ன சொல்லை இன்றுவரை காப்பாற்றிவிட்டாள். பழக்காலத்தில் அந்த அம்மா வீட்டுக்கு முதல் பழம் போகாமல் நமக்கு ஒரு சுளை கிடையாது என்பது நீ அறிந்ததுதான்.

காணிக்கு உறுதிப் பத்திரம் எழுதுகிற நாளில் நான் செய்த கூத்தையும் சொல்லிவிடுகிறேன். நொத்தாரிசு ஐயா கிழக்கே இன்னது, மேற்கே இன்னது என்று நான்கு பக்க எல்லையையும் வாசித்துக்கொண்டே வந்தார். எல்லாம் சரி என்றேன். கையெழுத்துப் போடும் நேரத்தில் எனக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது. “ஐயா, ஆழத்துல எவ்வளவு தூரம் நம்மளுது?” என்று கேட்டேன். அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் விளையாட்டுக்குக் கேட்கவில்லை என்று தெரிந்ததும், “தோண்டிக்கிட்டே போங்க. அடியில யாராவது வந்து ஏன்னு கேட்டா என்கிட்ட அனுப்புங்க” என்றார். அறையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் ரயிலில் திரும்பி வரும்போது சிரிப்பு வரவில்லை. ஹாலிஎலயில் இறங்கி நேரே அந்தக் காணிக்குப் போய், யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்துச் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். என் காலுக்குக் கீழே அவ்வளவு ஆழமும் என்னுடையது என்ற நினைப்பில் குனிந்து மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். கோயிலில் நின்றபோதுகூட நான் அப்படித் தொட்டுக் கும்பிட்டதில்லை. அம்மாவிடம் அதைச் சொல்லவில்லை, கேலி செய்வாள்.

அடுத்தது வீடு கட்டும் வேலை. மேசன் ஒருவரைப் பிடித்தோம். கைத்தொழில்காரர் என்பதால் அவரை எல்லாரும் பாஸ் என்பார்கள். தையல்காரனான என்னையும் பாஸ் என்பார்கள். ஆகவே நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பாஸ், பாஸ் என்றே கூப்பிட்டுக்கொண்டோம். “அளவு என்ன, பாஸ்?” என்று கேட்டார் அவர். இந்த இடத்தில்தான் உன் அப்பன் தன் மூளையைக் காட்டினான். உனக்குத் தெரியும், கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் உடம்பை அளக்க விடமாட்டார்கள். பழைய சட்டை ஒன்றைக் கொண்டுவந்து, ‘இதே அளவுக்குத் தைங்க, கொஞ்சம் லூசா இருக்கட்டும்’ என்பார்கள். அதுதான் அளவுச் சட்டை. எனக்குத் தெரிந்த வீடு லயத்துக் காம்பரா ஒன்றுதான். ஆகவே என் தையல் டேப்பை எடுத்து நம் காம்பராவை நீளமும் அகலமுமாக அளந்து, பிரவுன் கடதாசியில் சாக்குக்கட்டியால் வரைந்து, எல்லாப் பக்கமும் கொஞ்சம் தாராளமாக விட்டு, நடுவில் ஒரு சுவர் வைத்து இரண்டு அறையாக்கி, பாஸிடம் கொடுத்தேன். முன்னால் கதவு, அதன் பக்கத்தில் சிறிதாக ஒரு ஜன்னல், நீளமாக இஸ்தோப்பு, பின்னால் குசினிக்கு ஒரு கதவு. பாஸ் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ரெண்டு பக்கச் செவரும் இப்பிடியே தானா?” என்று கேட்டார். “இப்பிடியே தான் பாஸ், நேரா எழுப்புங்க” என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

வேலை நடந்த நாட்களில் நாங்கள் போய்ப் பார்க்காமல் இல்லை. நான் காலை ரயிலுக்கு முன்னால் விடியற்கருக்கலில் ஒரு எட்டுப் பார்ப்பேன். அம்மா வேலை முடிந்து, பொழுது இறங்கும்போது வருவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் இருவருமாக வந்து, கூரை போடாத சுவர்களுக்கு நடுவில் நின்று, தலைக்கு மேலே இருந்த வானத்தைப் பார்த்து, ‘என்ன வெளிச்சம், என்ன வெளிச்சம்!’ என்று மகிழ்ந்துபோவோம். கந்தோர் முடிந்து போய்ப் பார்த்தேன் என்று நீ எழுதியிருக்கிறாயே, அதைப் படித்தபோது எனக்கு அந்த நாட்கள்தான் நினைவுக்கு வந்தன. கூரைக்கு ஓடு போட்ட வாரம் எனக்குத் தீபாவளித் தையல். கண்ணைத் திறக்க நேரமில்லை. பிறகு ஒரு நல்ல நாள் பார்த்து, விடியற்காலையில் விளக்கேற்றிப் பால் காய்ச்சினோம். லயத்துச் சனம் அத்தனையும் வந்திருந்தது. அன்றைக்கு முழுவதும் எல்லாரும் பலாமரத்தடியில்தான் இருந்தோம், சமையல் உட்பட. அதற்கு முந்தின வாரமே அம்மா கணக்கப்பிள்ளையிடம் போய்த் தன் பேரை எடுக்கச் சொல்லிவிட்டாள். காம்பராவை வேறு குடும்பத்துக்குக் கொடுத்தாயிற்று. இனித் திரும்பிப் போக இடமில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

மறுநாள் நான் வேலைக்குப் போய்விட்டேன். மாலையில் வந்து பார்த்தால் அம்மா அரிசி, சுளகு, அரிவாள்மணை எல்லாவற்றையும் பரப்பிக்கொண்டு மரத்தடியிலேயே இருந்தாள். முகம் சரியில்லை. என்ன என்று கேட்டேன். சுளகைத் தள்ளி வைத்தாள். பிறகு, “நம்ம வீடாச்சே, ஏங்க இருட்டா இருக்கு?” என்றாள். எனக்கு விளங்கவில்லை. “பகல்ல இருட்டா? என்ன புள்ள சொல்ற?” என்றேன். “ஆமாங்க. பட்டப்பகல்ல உள்ள போனா சட்டி எது பானை எதுன்னு தெரியல. வெளக்கு ஏத்திக்கிட்டுக் குழம்பு வச்சேன். லயந்தான் இருட்டுன்னு நெனச்சேன். அது கம்பனி வீடு, இருட்டாத்தான் இருக்கும். இது நம்ம வீடாச்சே!” அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. முழங்கால் வீங்கி மலை ஏறியபோதுகூட அழாதவள். நான் சமாதானமாக, கண் பழகிவிடும், புதுச் சுவர் காய்ந்தால் வெளிச்சம் வரும் என்றெல்லாம் உளறினேன். சுவர் காய்ந்தால் வெளிச்சம் வரும் என்று உலகத்தில் வேறு எந்த முட்டாளாவது சொல்லியிருப்பானா என்று தெரியவில்லை.

அவளால் பொறுக்க முடியவில்லை என்று கண்டதும், ஒருநாள் முதலாளியிடம் சொல்லிவிட்டு மதிய ரயிலில் வீட்டுக்கு வந்தேன். வெளியே வெயிலில் கண் கூசியது. கதவைத் தாண்டி உள்ளே காலை வைத்தால், லயத்துக் காம்பரா. அதே இருட்டு. நடு அறையில் நின்று இந்தப் பக்கச் சுவரைப் பார்த்தேன், அந்தப் பக்கச் சுவரைப் பார்த்தேன். இரண்டும் மொட்டைச் சுவர். அப்போதுதான் தம்பி, எனக்கு உறைத்தது. பக்கச் சுவரில் ஜன்னல் வைக்கலாம் என்ற நினைப்பே எங்கள் இருவர் மண்டையிலும் உதிக்கவில்லை. பிறந்ததிலிருந்து எங்கள் பக்கச் சுவர்களுக்கு அப்பால் அடுத்த வீடு இருந்தது. சுவர் என்றால் அதற்கு அந்தப் பக்கம் வேறொருவர் குடியிருப்பார். அங்கே ஜன்னல் வைக்கிறவன் உண்டா? சுற்றிலும் வெறும் காணி, காற்றும் வெயிலும் கொட்டிக் கிடக்கிறது. நான் அளவுச் சட்டை கொடுத்து லயத்தையே திரும்பத் தைத்து வைத்திருக்கிறேன். இன்னொன்றும் அன்றைக்குத்தான் விளங்கியது. நாங்கள் இருவரும் வாழ்நாளில் ஒரு வேலைநாளின் நடுப்பகலில் வீட்டுக்குள் இருந்ததே இல்லை. இருட்டோடு போய் இருட்டோடு வந்தவர்கள். ஞாயிறு என்றால் விறகு, துணி, கடை. மிச்ச நேரம் இஸ்தோப்பில். ஒரு வீடு மத்தியானத்தில் எப்படி இருக்க வேண்டும் என்று எங்களுக்குத் தெரியாது. அம்மாவைத்தான் முதன்முதலாக அந்த வீடு பகலில் உள்ளே வைத்துக்கொண்டது.

பாஸைக் கூப்பிட்டுக் கேட்டேன், கோபமாகத்தான் கேட்டேன். அவருக்கு என் கோபமே விளங்கவில்லை. “நான் நெனச்சது பாஸ், நீங்க ரெண்டு பக்கமும் இன்னும் காம்பரா கட்டப் போறது, வாடகைக்குக் குடுக்க. அதுக்குத்தானே செவர்ல ஒண்ணும் வைக்கல்ல?” என்றார் தன் அரைகுறைத் தமிழில். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள், பாஸும் சிரித்தார், கடைசியில் நானும் சிரித்தேன். புது ஜன்னல் சட்டம் செய்ய மரம் கிடைக்கும்வரை பொறுக்கிற நிலையில் யாரும் இல்லை. எங்கோ ஒரு தோட்டத்துத் துரை பங்களாவைத் திருத்தி, பழைய ஜன்னல்களைக் கழற்றிப் போட்டிருக்கிறார்கள் என்று சொல்லி, பாஸ் அதில் ஒன்றை மாட்டு வண்டியில் கொண்டுவந்து இறக்கினார். இரட்டைக் கதவு, கண்ணாடி, ஆள் உயரம். அம்மா அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள். “இதுக்குள்ள இருந்துதான் துரை நம்மளப் பாத்திருப்பான். இனி நான் பாக்குறேன்” என்றாள்.

கிழக்குச் சுவரை உடைத்த அந்த நாளை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். பாஸ் உளியை வைத்து அடிக்க அடிக்கச் செங்கல் பொடிந்து விழுந்தது. முதலில் ஒரு கையளவு ஓட்டை. அதன் வழியாக வெயில் கயிறு பிடித்த மாதிரி உள்ளே வந்து தரையில் விழுந்தது. அம்மா போய் அந்த வெளிச்சத்தில் கையை நீட்டினாள். பிறகு ஓட்டை பெரிதாகிப் பெரிதாகி, சுவரில் ஒரு பெரிய சதுரம் திறந்ததும், நாங்கள் மூன்று பேரும் வேலையை விட்டுவிட்டு நின்றுவிட்டோம். நமுனுகுல மலை முழுவதும் அந்தச் சதுரத்துக்குள் நின்றது. உச்சியில் மேகம், கீழே பச்சைப் பச்சையாகத் தேயிலை, நடுவில் வளைந்து போகிற பாதை. இந்த மலையைப் பார்த்துத்தான் பிறந்தோம். ஆனாலும் சொல்கிறேன், அன்றுவரை நாங்கள் அதைப் பார்த்ததே இல்லை. அம்மாவுக்கு எந்த மலையும் ஏற வேண்டிய மலை. எனக்கு இறங்க வேண்டிய மலை. சும்மா இருந்து பார்ப்பதற்கு என்று ஒரு மலை உண்டு என்பது எங்களுக்குப் புதிது. பக்கத்துச் சரிவு ஒன்றில் வரிசையாகச் சின்னச் சின்னப் புள்ளிகள் அசைந்தன. அம்மா கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். “கொழுந்து எடுக்கிறாங்க” என்றாள். பிறகு மெதுவாக, “ஏங்க, தூரத்துல இருந்து பாத்தா நாங்க இம்புட்டு அழகாவா இருந்தோம்?” என்று கேட்டாள். கேட்டுவிட்டு அழுதுவிட்டாள். பாஸ் உளியோடு வெளியே போய்விட்டார்.

அந்த வெட்டின தடம்தான் தம்பி, நீ தடவிப் பார்த்தது. எத்தனை தடவை சுண்ணாம்பு அடித்தாலும் அந்த நிறம் சேரவில்லை. சேர வேண்டாம் என்று இப்போது நானும் விட்டுவிட்டேன். மேற்குச் சுவரைத் திறப்பதற்குள் கிளாக்கர் ஐயாவின் வீடு அந்தப் பக்கத்தில் எழும்பிவிட்டது. “அந்தச் சுவர் அப்பிடியே கிடக்கட்டும் காணும், இல்லாட்டி என்ரை மனுசி உம்மடை மனுசியோடை நாள் முழுக்கக் கதைச்சுக்கொண்டு நிக்கும்” என்றார். இப்போது வேலி வழியாகக் கதைக்கிறார்கள். அதன் பிறகு ஊர் வளர்ந்த வேகம் உனக்கே தெரியும். ஒவ்வொரு லீவுக்கும் நீ வரும்போது ஒரு புது வீடு, ஒரு புது வேலி. பேக்கரி வந்தது, சலூன் வந்தது, பஸ் வந்தது, எங்கெங்கோ பிறந்த சனங்கள் வந்து ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ளினார்கள். அம்மா அந்த ஜன்னலில் நின்று ஒவ்வொரு கூரையையும் எண்ணாத குறையாகப் பார்த்திருக்கிறாள். ‘அங்க பாருங்க, இன்னொரு வீட்டுல பொகை வருது’ என்று சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். ஒரு ஊர் முளைப்பதை உட்கார்ந்து பார்க்கக் கொடுத்து வைத்தவர்கள் எத்தனை பேர்? நீ போகிற வத்தளையும் அப்படிப்பட்ட இடம்தான் என்று உன் கடிதத்தைப் படித்தபோது தெரிந்தது. கூட்டம், புழுதி, பஸ்ஸில் இடமில்லை என்று குறைப்படாதே. கொஞ்சம் நின்று பார். ஆச்சரியமாக இருக்கும்.

ஆகவே, வீடு பார்க்க என்னைக் கூப்பிடாதே. நான் பிடித்துக் கொடுக்கும் அளவு நம்பத்தக்கதல்ல. நீயும் அளவுச் சட்டை கொண்டுபோகாதே. லயத்தில் பிறந்தவன், மாமா வீட்டுத் திண்டாட்டத்தில் வளர்ந்தவன், கொட்டாஞ்சேனையில் நான்கு பேரோடு ஒரு அறையில் படுக்கிறவன். உனக்குத் தெரிந்த வீடுகளும் அவ்வளவுதான். கூரை இருந்தால் போதும் என்று உனக்குத் தோன்றும். கந்தோருக்கு ஒருநாள் லீவு போட்டுவிட்டு நடுப்பகலில் போ. நீ கட்டிக்கொள்ளப் போகிற சாந்தியையும் கூட்டிக்கொண்டு போ. அவள் நர்ஸ், ராத்திரி டியூட்டி பார்த்துவிட்டுப் பகலில் வந்து கண்மூட வேண்டியவள். அந்த வீட்டில் பகலில் இருக்கப் போவது நீ இல்லை, அவள்தான். எந்தச் சுவரில் வெயில் விழுகிறது, எந்த அறையில் காற்று வருகிறது என்று அவள் நின்று பார்க்கட்டும். வேண்டாம் என்றால் விட்டுவிடு. வேண்டும் என்றால் யோசிக்காமல் வாங்கு. நாங்கள் பால் காய்ச்ச வந்துவிடுகிறோம். இங்கே இருக்கிற வீட்டை விற்றுவிட்டு உன்னோடு வந்துவிடச் சொல்லி எழுதியிருந்தாய். அது மட்டும் முடியாது; ஏன் என்று சொல்லி இந்தக் கடிதத்தை முடிக்கிறேன்.

நம் பழைய தோட்டத்துக் கொம்புச் சத்தம், காற்று இந்தப் பக்கம் வீசினால் இங்கேயும் கேட்கும். குடிவந்த புதிதில் அம்மா அதைக் கேட்டதும் தடக்கென்று எழும்பி உட்கார்ந்து, கூடையைத் தேடிக் கையை நீட்டுவாள். வெகுநாள் வரை அப்படித்தான் இருந்தாள். இன்று காலையிலும் கொம்பு கேட்டது. உன் கடிதத்துக்கு என்ன எழுதுவது என்று யோசித்தபடி நான் விழித்துக்கிடந்தேன். அம்மா எழும்பினாள். ஜன்னல் கதவைத் தள்ளித் திறந்தாள். மலை இன்னும் கருப்பாக இருந்தது; லயத்துப் பக்கம் சின்னச் சின்ன விளக்குகள் எரிந்தன. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். “பாவம், குளுருல போகுதுக” என்றாள். பிறகு வந்து, போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, திரும்பவும் படுத்துவிட்டாள்.

அவள் அப்படித் திரும்பப் படுத்ததைத்தான் தம்பி, நான் வாங்கினேன். அதை எந்த விலைக்கும் விற்க மாட்டேன். உன் வீட்டிலும் அது கிடைக்குமா என்று மட்டும் பார்த்து வாங்கு.

அம்மாவும் ஆசி சொல்லச் சொன்னாள். வெங்காயம் உரித்து முடித்துவிட்டாள், ஜன்னலடியில் உட்கார்ந்திருக்கிறாள்.

உன் அப்பா